நீக்கப்பட்ட ஏழு நிமிடம்

கடைசல்காரர் தன் இரண்டு காதாலும் கேட்டார். இதை முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது. ஏனென்றால் அவர் கேட்கவே இல்லை என்று ஒரு பதிப்பாசிரியரும், ஓர் ஆய்வு மையமும், ஏழு பேர் கொண்ட ஒரு குழுவும் இனிமேல் விளக்கப்போகிறார்கள். அவர்கள் எல்லோரும் படித்தவர்கள்.

அவருடைய காதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முப்பது வருடம் கடைசல் இயந்திரத்துக்கு முன்னால் நின்ற காது அது. உளி மழுங்கிவிட்டதா, இரும்பு ஒரு மயிரிழை கூடுதலாகத் தேய்ந்துவிட்டதா என்பதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். பட்டறையில் மற்றவர்கள் அளவுகோலை எடுப்பார்கள். இவர் தலையைச் சாய்த்துக் கேட்பார், அவ்வளவுதான்.

அந்தக் காதோடு அவர் சட்டமன்றத்தின் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தார். மாடத்தில் சிரிக்கக் கூடாது, இருமக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, கைக்குட்டையை வெளியே எடுப்பதாக இருந்தால் காவலரின் முகத்தைப் பார்த்துவிட்டு எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். காரியம் அப்படி.

காரியம் இதுதான். அவர் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அதற்குத் தலைநகரத்துக்குப் போக இரண்டரை மணி நேரம் பஸ், திரும்பி வர இரண்டரை மணி நேரம். ஆனால் அவர்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி இருக்கும் அரசு மருத்துவமனையிலேயே ஒரு டயாலிசிஸ் மெஷின் இருந்தது. வந்து பதினான்கு மாதம் ஆகியும் அதன்மேல் போர்த்திய பிளாஸ்டிக் உறையை யாரும் எடுக்கவில்லை. தண்ணீர்க் குழாய் போட்டாயிற்று, கரண்ட் கொடுத்தாயிற்று, பயிற்சி முடித்த நர்சுகள் இரண்டு பேர் அந்த அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார்கள். ஓட்டலாம் என்ற உத்தரவு மட்டும் வரவில்லை.

மருத்துவமனைக் கண்காணிப்பாளர் கெட்டவர் இல்லை. ஒரு சுற்றறிக்கையை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். தனி அரசாணை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சட்டமன்றத்தில் அமைச்சர் சொன்ன சொல் ஏதாவது ஓர் அரசு வெளியீட்டில் அச்சாகியிருந்தால் அதையே ஆணையாகக் கொள்ளலாம் என்று அதில் இருந்தது. அமைச்சரை அவையில் ஒரு வார்த்தை சொல்ல வைத்துவிடுங்கள், அச்சான பக்கத்தைக் கொண்டுவாருங்கள், அன்றைக்கே உறையைக் கிழித்துவிடுகிறேன் என்றார்.

கடைசல்காரர் தொகுதி உறுப்பினர் வீட்டு வாசலில் இருபத்தாறு நாள் நின்றார். இருபத்தேழாவது நாள் உறுப்பினர் கேள்வி கேட்க ஒப்புக்கொண்டு, மாடத்துக்கு ஓர் அனுமதிச் சீட்டும் கொடுத்தார்.

அவையில் நடந்ததை அவர் கேட்டபடியே சொல்கிறேன். உறுப்பினர் கேள்வியைப் படித்தார். சுகாதார அமைச்சர் எழுந்தார். தொண்டையைச் செருமினார். காலை பதினொன்று நாற்பதுக்கு எதிர்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து அமைச்சரைப் பார்த்து, "புளுகுமூட்டை" என்றார். அவ்வளவுதான், அவை இரண்டு பட்டது. காகிதம் பறந்தது. சட்டையைப் பிடித்தார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே அமைச்சர் மேசையில் அடித்து, "வர்ற திங்கட்கிழமையிலேருந்து அந்த மெஷின் ஓடும். இது என் வாக்கு" என்றார். அடுத்த பெஞ்சில் இருந்தவருக்குக்கூட அது கேட்டிருக்காது. கடைசல் இயந்திரத்தின் இரைச்சலுக்குள் உளியின் சத்தத்தைப் பிரித்துக் கேட்கிற காதுக்குக் கேட்டது. சபாநாயகர் மணியடித்து, பதினொன்று நாற்பதிலிருந்து இந்த மணி வரைக்கும் பேசியது முழுவதும் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது என்றார். அப்போது மணி பதினொன்று நாற்பத்தேழு. எல்லோரும் உட்கார்ந்த பிறகு, எதற்கும் சற்றுத் தாமதமாகவே எழுகிற தொகுதி உறுப்பினர் எழுந்து, "நன்றி, மாண்புமிகு அமைச்சர் அவர்களே" என்றார். மேசைகளைத் தட்டினார்கள்.

நான்கு மாதம் கழித்து அவைக்குறிப்பு புத்தகமாக வந்தது. அரசு வெளியீட்டு விற்பனை நிலையத்தில் முதல் ஆளாக நின்று வாங்கி, பக்கம் இருநூற்றுப் பதினான்கைப் பிரித்தார். உறுப்பினரின் கேள்வி இருந்தது. அதன் கீழே மூன்று நட்சத்திரக் குறி. அதன் கீழே "நன்றி, மாண்புமிகு அமைச்சர் அவர்களே." அதன் கீழே அடைப்புக்குறிக்குள் மேசை தட்டும் ஒலி.

கண்காணிப்பாளர் அந்தப் பக்கத்தை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு வருத்தத்தோடு சொன்னார்: "நன்றி இருக்கு. எதுக்கு நன்றின்னு இல்லையே. நன்றியை வச்சு மெஷினை எப்படி ஓட்டுறது, நீங்களே சொல்லுங்க."

கடைசல்காரர் தொகுதி உறுப்பினரிடம் ஓடினார். அவர் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார். மேசை தட்டும் ஒலி தன் பெயருக்குக் கீழே அச்சானது இதுதான் முதல் தடவையாம். மறுபடி கேட்க முடியாதா என்றதற்கு, ஒரே கேள்வியை ஒரே அவையின் ஆயுளுக்குள் இரண்டு தடவை கேட்க விதி இல்லை என்றார். அந்த அமைச்சரும் இப்போது மீன்வளத்துக்குப் போய்விட்டார். புதிய அமைச்சரிடம் எழுதிக் கேட்டதில், அவையில் சொல்லப்படாத ஒன்றைத் தம்மால் உறுதிப்படுத்த இயலாது என்று பதில் வந்தது.

இதற்கிடையில் மனைவியின் கால் வீங்க ஆரம்பித்தது. பஸ்ஸில் அவளோடு எப்போதும் ஒரு பள்ளி ஆசிரியை வருவாள். அவளுக்கும் அதே நோய், அதே தெருப்பக்கம், முப்பது வயதுகூட ஆகாதவள். ஜன்னலோர இருக்கையை இருவரும் முறை வைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். இப்போது ஆசிரியை தன் முறையையும் விட்டுக் கொடுக்கத் தொடங்கியிருந்தாள்.

அவைக்குறிப்பின் பதிப்பாசிரியரைப் பார்க்க ஒன்பது நாள் ஆனது. சுவர் முழுக்கத் தடித்தடியான புத்தகங்கள். எந்தப் புத்தகத்துக்கும் முதுகு மடங்கவில்லை, யாரும் பிரித்ததில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. அவர் கடைசல்காரரை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, தன் தொழிலின் பெருமையை விளக்கினார்.

"பேசுறது வேற, பேசினது வேற. அங்க அவங்க பேசுறாங்க. என்ன பேசினாங்கங்கிறதை இங்க நாங்க முடிவு பண்றோம். நாப்பது வருஷமா இந்தப் பதிப்புல ஒரு பிழை கிடையாது. ஏன்னு கேளுங்க. பிழைன்னு யாராவது எழுதினா அந்தக் கடிதத்தை நாங்க அச்சடிக்கிறதில்ல."

"நான் காதால கேட்டேன் சார்."

"கேட்டிருப்பீங்க. யாரும் சொல்லாததைக் கேட்டிருப்பீங்க. நல்ல டாக்டரா பாருங்க."

நன்றி மட்டும் எப்படித் தங்கியது என்று கேட்டார் கடைசல்காரர். அது மணிக்குப் பிறகு சொன்னது, மணிக்குப் பிந்திய நன்றியை நீக்க யாருக்கும் அதிகாரம் இல்லை என்றார் பதிப்பாசிரியர், ஏதோ வரம் கொடுக்கிற மாதிரி.

வெளியே வரும் வழியில் விற்பனை மேசைக்காரம்மா ஒரு கனமான புத்தகத்தை எடுத்துக் காட்டி, இதுதான் இப்போது நன்றாகப் போகிறது என்றார். 'அவையில் கூறத்தகாத சொற்கள் – திருத்திய ஏழாம் பதிப்பு.' உறுப்பினர்கள் எந்தெந்த வசவைச் சொல்லக் கூடாது என்று தெரிந்துகொள்வதற்காக, அவையில் நீக்கப்பட்ட வசவுகளை எல்லாம் அகர வரிசையில் அச்சிட்டிருந்தார்கள். 'புளுகுமூட்டை' இருந்தது. சொன்னவர் யார், யாரைப் பார்த்து, தேதி, காலை 11.40, சந்தர்ப்பம்: அமைச்சர் பதிலுரைத்தபோது. எல்லாம் அச்சு அசலாக இருந்தது. வசவுக்கு ஒரு புத்தகம் இருக்கிறது, வாக்குக்கு இல்லை. கடைசல்காரர் அந்தப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார்.

அவர் மனைவிக்கு அந்தப் புத்தகம் ரொம்பப் பிடித்துவிட்டது. பஸ்ஸில் ஆசிரியை உரக்கப் படிப்பாள், இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். பிரேக் அடித்துத் தூக்கிப் போடுகிற டிரைவருக்கு ஒரு பக்கம், சில்லறை கொடுக்காத கண்டக்டருக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்கி வைத்தார்கள். வீட்டில் கடைசல்காரருக்கும் ஒன்று கிடைத்தது.

"என்னங்க, இந்தாங்க, நூத்திப் பன்னெண்டாம் பக்கம். 'தலையில் களிமண்.' உங்களுக்குன்னே அச்சடிச்ச மாதிரி இருக்கு."

"சிரிக்காதம்மா, மூச்சு வாங்குது பார்."

"சிரிக்கலேன்னாலும் வாங்குது. அதுக்குச் சிரிச்சுட்டே வாங்கட்டும்."

அவள் அப்படிச் சொல்லும்போது அவருக்கு அழுகை வந்தது. எழுந்து போய்ப் பட்டறையில் ஓடாத இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டார்.

சட்டமன்றங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராய்வதற்கென்றே ஓர் ஆய்வு மையம் இருப்பதாக யாரோ சொன்னார்கள். அங்கே போனால் விடிவு வரும் என்று நம்பிப் போனார். இயக்குநர் பக்கம் இருநூற்றுப் பதினான்கைப் பார்த்ததும் எழுந்து நின்றே விட்டார். காரணம் இல்லாமல் தனித்து நிற்கும் நன்றியைத் தம் ஆய்வு வாழ்க்கையில் இப்போதுதான் பார்ப்பதாகச் சொன்னார். அவருடைய மாணவர்கள் வந்து வந்து அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டார்கள். மெஷினைப் பற்றிச் சொன்னபோது இயக்குநர் அன்பாகத் தலையசைத்தார்.

"நாங்க அவை எப்படி இயங்குதுன்னு பார்க்கிறோம். அதனால வெளியில எது இயங்குது, இயங்கலைங்கிறது எங்க எல்லைக்குள்ள வராது. ஆனா நீங்க கண்டிப்பா எங்க கருத்தரங்குக்கு வரணும். உங்களை மாதிரி ஆளை நாங்க தேடிக்கிட்டிருந்தோம்."

கருத்தரங்கு மூன்று நாள் நடந்தது. மேசை தட்டும் ஒலிகளின் எண்ணிக்கை பற்றி ஒருவர், நட்சத்திரக் குறிகளின் அழகியல் பற்றி ஒருவர், உறுப்பினர்கள் தூங்கும் நேர வரிசை பற்றி வரைபடங்களோடு ஒருவர். மூன்றாம் நாள் மாலை கடைசல்காரருக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். அவருக்குப் பேசத் தெரியாது. அமைச்சர் சொன்ன வாக்கியத்தை அப்படியே சொன்னார். என் மனைவிக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் தாங்கும், யாராவது ஏதாவது செய்யுங்கள் என்றார். மணியடித்தது. கை தட்டினார்கள்.

கூட்டத்தில் அவைச் செயலகத்துக்காரர் ஒருவரும் இருந்தார். கடமை தவறாதவர். அடுத்த வாரமே கடைசல்காரருக்கு ஓலை வந்தது. அவையால் நீக்கப்பட்ட சொற்களைப் பொது இடத்தில் உச்சரித்து அவையின் உரிமையை மீறியதாகக் குற்றச்சாட்டு. உரிமைக் குழுவின் முன் ஆஜராக வேண்டும். கடைசி வரியில், குற்றமான சொற்கள் முழுமையாகக் குழுவின் அறிக்கையில் இணைக்கப்பட்டு, அரசு வெளியீடாக அச்சிடப்படும் என்று இருந்தது.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் மனிதருக்கு உயிர் வந்தது. மனைவியிடம் ஓடினார்.

"ஜெயில்ல போட்டுடுவாங்களா?" என்றாள் அவள்.

"போட்டா போடட்டும். போட்டா அச்சாகும்மா."

விசாரணையை மூன்று தடவை தள்ளி வைத்தார்கள். மூன்று தடவையும் டயாலிசிஸ் நாள். மூன்று தடவையும் மனைவியை ஆசிரியையின் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு இவர் வேறு பஸ் ஏறினார். நான்காம் தடவை குழு கூடியது. நீள மேசை, ஏழு பேர், பிஸ்கட் தட்டு, மூலையில் ஒரு சுருக்கெழுத்துக்கார அம்மா. குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று குழுத் தலைவர் கேட்பதற்குள்ளேயே, ஒப்புக்கொள்கிறேன் என்றார் கடைசல்காரர்.

"என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க. 'வர்ற திங்கட்கிழமையிலேருந்து அந்த மெஷின் ஓடும். இது என் வாக்கு.' சுகாதார அமைச்சர் சொன்னது."

குழு அதிர்ந்தது. நீக்கப்பட்ட சொல்லைக் குழுவின் முன்னாலேயே சொல்வது இன்னொரு குற்றம் என்று ஓர் உறுப்பினர் எச்சரித்தார். எந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்று தெளிவாகத் தெரிந்துகொள்ள விரும்புவதாகச் சொல்லி, கடைசல்காரர் அதை மறுபடி சொன்னார். இந்த முறை மெதுவாக, சுருக்கெழுத்துக்கார அம்மாவைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லையும் இரும்பில் கடைந்து எடுக்கிற மாதிரி சொன்னார். மூன்றாம் தடவையும் சொன்னார். எவ்வளவு தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், இந்த ஒரு வரியை மட்டும் அறிக்கையில் போட்டுவிடுங்கள் என்று கைகூப்பினார்.

குழுத் தலைவர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். இதயம் உள்ளவர்தான். "உங்க கஷ்டம் புரியுது. ஆனா நீங்க ஒண்ணைப் புரிஞ்சுக்கணும். அவை என்ன பேசுச்சுன்னு அவைதான் சொல்லணும். உங்க காது சொல்லக் கூடாது. இன்னிக்கு ஒரு காதை நம்பினா, நாளைக்கு ஊர்ல இருக்கிற காதெல்லாம் வந்து நிக்கும். அப்புறம் நாங்க என்னத்தைத்தான் பேசுறது?"

ஆறு பேரும் மேசையைத் தட்டினார்கள்.

வெளியே நடைவழியில் சுருக்கெழுத்துக்கார அம்மா அவர் பக்கத்தில் வந்து நின்றார். "மூணு தடவையும் எழுதியிருக்கேன் சார். அன்னிக்கு அவையில அமைச்சர் சொன்னதையும் நான்தான் எழுதினேன். எழுதறதுதான் என் வேலை. அதுக்கப்புறம் என் கையில இல்ல." கடைசல்காரரின் டெலிபோன் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அறிக்கை வழக்கத்துக்கு மாறாகச் சீக்கிரம் வந்தது. இணைப்பில், 'சாட்சி கூறியதாவது' என்பதற்குக் கீழே மூன்று நட்சத்திரம். மறுபடியும் கூறியதாவது, மூன்று நட்சத்திரம். மூன்றாம் முறை கூறியதாவது, மூன்று நட்சத்திரம், அடைப்புக்குறிக்குள் மேசை தட்டும் ஒலி. அவையின் முன் நிறுத்திக் கண்டிப்பது என்று தண்டனை. அதற்கும் டயாலிசிஸ் நாளான ஒரு புதன்கிழமையைத்தான் குறித்திருந்தார்கள்.

அந்தப் புதன்கிழமை அவர் அவையின் நடுவில் நின்றார். சபாநாயகர் கண்டனத்தைப் படித்தார். ஏழு பக்கம். காதுகளின் கடமைகள் என்று ஒரு தனிப் பகுதியே இருந்தது. அதை அவர் படித்துக்கொண்டிருந்த நேரத்தில், தலைநகரத்துக்கு வரும் பஸ்ஸில், ஆசிரியையின் தோளில் சாய்ந்தபடி அவர் மனைவி இறந்துபோனாள். தூங்குகிறாள் என்று நினைத்து ஆசிரியை மூன்று நிறுத்தம் வரை தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாளாம். மடியில் ஏழாம் பதிப்பு இருந்ததாம். இதைக் கேட்டபோது கடைசல்காரர், அவள் கால் செருப்பு எங்கே என்று மட்டும் கேட்டார்.

இரண்டு மாதம் பட்டறை திறக்கவில்லை. பிறகு ஒரு நாள் டெலிபோன் வந்தது. சுருக்கெழுத்துக்கார அம்மா. "எட்டாம் பதிப்பு வந்திருக்கு சார். 'த' வரிசையில பாருங்க. ஒரே சொல் திரும்பத் திரும்ப நீக்கப்பட்டா அந்தப் பட்டியல்ல சேர்க்கணும்னு ஒரு விதி இருக்கு. அந்தப் புத்தகத்துக்குப் பட்டியல் எடுக்கிறது நான்தான்."

விற்பனை நிலையத்தில் நின்றபடியே பிரித்தார். பக்கம் நூற்றுப் பதிமூன்று. 'தறுதலை'க்கும் 'திருட்டுப்பயலு'க்கும் நடுவே இருந்தது.

"திங்கட்கிழமையிலிருந்து (வரும்) அந்த மெஷின் ஓடும். இது என் வாக்கு. முதலில் சொன்னவர்: மாண்புமிகு சுகாதார அமைச்சர், அவையில். பின்னர் ஒரு சாட்சி, மும்முறை. இனி எந்த உறுப்பினரும் அவையில் கூறத்தகாதது."

ஒரு நட்சத்திரம்கூட இல்லை.

மறுநாள் கண்காணிப்பாளர் முன்னால் அந்தப் பக்கத்தை வைத்தார். கண்காணிப்பாளர் கண்ணாடிக்கு அடியில் இருந்த சுற்றறிக்கையை உருவி எடுத்து, விரல் வைத்து ஒப்பிட்டார். அமைச்சரின் சொல், சரி. அவையில் சொன்னது, சரி. அரசு வெளியீடு, சரி. அச்சாகியிருக்கிறது, சரி. அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்றுதான் போட்டிருக்கிறதே தவிர, செய்யக் கூடாது என்று எங்கும் இல்லை. அவர் முகம் மலர்ந்தது.

"பார்த்தீங்களா? முறையா வந்தா நான் என்னிக்காவது தடுத்திருக்கேனா?"

இருபது நிமிடத்தில் உறையைக் கிழித்தார்கள். நர்சுகள் பின்னல் ஊசிகளைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்கள். கண்காணிப்பாளர் படிவத்தை எடுத்து, தலை நிமிராமல், "உங்க மனைவி எங்க?" என்றார்.

"அவ வரல சார். இவங்களுக்குப் போடுங்க."

ஆசிரியை வாசலில் நின்றிருந்தாள். படுக்கையில் படுத்து, கையை நீட்டினாள். மெஷின் உறுமி, விக்கி, பிறகு சீராக ஓட ஆரம்பித்தது. கடைசல்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டார். பழுது ஒன்றும் இல்லை. வந்த நாளிலிருந்தே இருந்திருக்காது. "அண்ணா, கொஞ்சம் உட்காருங்க" என்றாள் ஆசிரியை. அவர் உட்காரவில்லை, புத்தகத்தை அவள் தலைமாட்டில் வைத்தார்.

அவர் கிளம்பியபோது கண்காணிப்பாளர் பின்னாலேயே வாசல் வரை வந்தார். அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். "இவ்வளவு செஞ்சிருக்கோம். ஒரு நன்றிகூட சொல்லாம போறீங்களே" என்றார்.

கடைசல்காரர் படியில் நின்று திரும்பினார்.

"அது அப்பவே அச்சாயிடுச்சு சார். பக்கம் இருநூத்திப் பதினாலு."